சுவரில் வந்து உட்கார்ந்த பச்சை அந்துப்பூச்சி புது இனமா என்று எப்படி முடிவு செய்வது?

வால்பாறைப் பக்கம், சோலைக்காட்டை ஒட்டிய ஒரு வீட்டின் வெள்ளைச் சுவரில் மழைக்கால இரவொன்றில் பச்சை நிற அந்துப்பூச்சி ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைப் படம் எடுத்தவர் கையேடுகளிலும் இணையத்திலும் தேடியிருக்கிறார். அச்சு அசலாக எதுவும் பொருந்தவில்லை. இது இதுவரை யாரும் விவரிக்காத இனமாக இருக்குமா? இருந்தால் பெயர் வைப்பது எப்படி? படம் மட்டும் போதாதா, பூச்சியைக் கொல்லத்தான் வேண்டுமா? இவைதான் அவர் என்னிடம் கேட்ட கேள்விகள். அவருக்கே பதில் சொல்கிறேன்.

புது இனமாக இருக்கலாம். உலகில் இதுவரை பெயர் பெற்ற அந்துப்பூச்சி, பட்டாம்பூச்சி எல்லாம் சேர்த்துச் சுமார் 1,60,000 இனங்கள். அவற்றில் பட்டாம்பூச்சிகள் 20,000-க்கும் குறைவு, மீதி அத்தனையும் அந்துப்பூச்சிகள். இந்தியாவில் மட்டும் 10,000-க்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் பதிவாகியிருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெயரில்லாத அந்துப்பூச்சி இருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு ஆமென்றோ இல்லையென்றோ யாராலும் சொல்ல முடியாது. நாற்பது வருடம் இதிலேயே ஊறியவரும் உதட்டைப் பிதுக்கத்தான் செய்வார். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

படத்தில் இருப்பது ஜியோமெட்ரிடே குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் புழுக்கள் முழம் போட்டு அளப்பதுபோல உடலை வளைத்து வளைத்து நகரும். அந்தக் குடும்பத்தில் பச்சை நிறத்தவை ஒரு தனி உட்குடும்பம். வெளிர்ப் பச்சை இறக்கை, அதில் நூல் இழைபோலச் சிறுசிறு வெள்ளைக் கீற்றுகள், பின்இறக்கையின் ஓரத்தில் சின்னக் கூர்ப்பு. இந்த அடையாளங்களைப் பார்த்தால் தலசோடெஸ் பேரினமோ அதற்கு மிக நெருங்கிய ஏதோ ஒன்றோ என்று நினைக்கத் தோன்றுகிறது. சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. வெளித் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் பல இனங்களை வெகுகாலம் இந்த ஒரே பேரினத்தில் போட்டு வைத்திருந்தார்கள். போர்னியோ அந்துப்பூச்சிகளை ஆராய்ந்த ஜெரமி ஹாலோவே, உடலின் உள்ளமைப்பைப் பார்த்து 1996-இல் பெலகோடெஸ் என்ற பேரினத்தைத் தனியாகப் பிரித்தார். சீன ஆய்வாளர்கள் தங்கள் நாட்டுப் பூச்சிகளை 2011-இல் இதே முறையில் மறுஆய்வு செய்தார்கள். ஆகவே இன்று பழைய நூல் ஒன்றில் ‘தலசோடெஸ்’ என்று இருந்தால், அது எந்த இனம், எந்தப் பேரினம் என்பதையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொன்று, அந்தப் பச்சை நிறத்தை நம்பக் கூடாது. ஈரம் பட்டால் அது வெளுத்துப்போகும். மழையில் நனைந்தும், வயதாகியும், பூச்சிகளைக் கொல்லப் பயன்படுத்தும் ஈரமான கொல்புட்டியில் கிடந்தும் மஞ்சளாகவோ பழுப்பு கலந்த வெள்ளையாகவோ மாறிவிடும். வெளுத்த ஒரு பச்சைப் பூச்சியைப் பார்த்து, இந்த நிறத்தில் எதுவுமே பதிவாகவில்லையே என்று துள்ளிக் குதிக்கிற ஆர்வலர்கள் உண்டு. செதில் உதிர்ந்தவை, பருவத்துக்குப் பருவம் நிறம் மாறுபவை, ஆணும் பெண்ணும் வெவ்வேறு சாயலில் இருப்பவை என்று ஏமாற இன்னும் நிறைய வழிகள் இருக்கின்றன.

அடுத்தது, நமக்குத் தெரியாதது என்பதும் உலகம் அறியாதது என்பதும் ஒன்றல்ல. மிமியூசீமியா சிலோனிகா என்ற அந்துப்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையிலிருந்து கிடைத்த பூச்சியை வைத்து ஜார்ஜ் ஹாம்ப்சன் 1893-இல் அதை விவரித்தார். பிறகு நூற்றாண்டுக்கும் மேலாக அதைப் பற்றிப் பேச்சே இல்லை. கடைசியில் அது பதிவானது நம் களக்காடு முண்டந்துறைப் பகுதியில். அந்தத் தகவல் வெளியானது 2020-இல். இந்தியப் பட்டியல்களை மட்டும் புரட்டியிருந்தால் அதைப் புது இனம் என்றே எண்ணத் தோன்றியிருக்கும். வால்பாறைப் பூச்சி என்றால் இலங்கையின் ஈரக்காடுகள், வடகிழக்கு இந்தியா, மியான்மர், மலேயா, போர்னியோ என்று எல்லாப் பட்டியல்களையும் பார்த்தாக வேண்டும். பூச்சிக்கு நம் மாநில எல்லை தெரியாது.

அந்தப் பட்டியல்களின் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வேலையில் இறங்க முடியாது. ஹாம்ப்சன் நீலகிரிக்குத் தேயிலைத் தோட்டக்காரராக வந்தவர். பூச்சி சேர்க்கும் பித்து அவரை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நீலகிரி அந்துப்பூச்சிகளைப் பற்றி 1891-இல் ஒரு தொகுதி வெளியிட்டார். 1892 முதல் 1896 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் அந்துப்பூச்சிகள் குறித்து நான்கு தொகுதிகள் எழுதினார். தென்னிந்திய அந்துப்பூச்சியை ஆராயும் எவரும் இன்றைக்கும் அவரிடம் போய்த்தான் தொடங்க வேண்டும். அவருக்கு முன்னால் பிரான்சிஸ் வாக்கர், அந்த மியூசியத்தின் சேகரிப்பைப் பட்டியலிட்டுக்கொண்டே ஆயிரக்கணக்கான பூச்சிகளுக்குப் பெயர் வைத்துத் தள்ளினார். ஒரே இனத்துக்கு அவரே இரண்டு மூன்று பெயர்கள் வைத்த சம்பவங்கள் உண்டு. 1874-இல் அவர் இறந்தபோது, அவருடைய அறிவியல் நற்பெயரைக் காப்பாற்ற வேண்டுமானால் இருபது ஆண்டுகள் முன்னதாகவே போயிருக்க வேண்டும் என்று இரங்கல் குறிப்பிலேயே எழுதினார்கள். அவ்வளவு கோபம்!

எட்வர்டு மெய்ரிக் கதை இன்னும் விசித்திரமானது. இங்கிலாந்தின் மார்ல்பரோவில் பள்ளி ஆசிரியர். நுண் அந்துப்பூச்சிகள் என்று சொல்கிறோமே, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அந்தப் பொடிப் பூச்சிகளில் 14,000-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்தார். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அவருக்குப் பூச்சிகள் போய்க்கொண்டே இருந்தன. அவர் படம் வரைவது அபூர்வம். பூச்சியின் உடலை அறுத்துப் பார்ப்பதில் அவருக்கு நம்பிக்கையே இல்லை. கை லென்ஸில் பார்த்து, சில வரிகளில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அவர் எழுதிய வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு இன்று ஒரு பூச்சியை அடையாளம் காண்பது பல நேரங்களில் முடியாத காரியம். பிறகு எப்படி அவருடைய பெயர்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன? அவர் பார்த்த பூச்சிகள் பத்திரமாக இருப்பதால்தான். கேட்ஸ் கிளார்க் என்ற அமெரிக்கர் பிரிட்டிஷ் மியூசியத்தில் உட்கார்ந்து மெய்ரிக்கின் பூச்சிகளை எடுத்து அறுத்து, படம் பிடித்து, 1955 முதல் 1970 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டார். மெய்ரிக்கின் பல பெயர்களுக்கு உருப்படியான அடையாளம் கிடைத்தது இதற்குப் பிறகுதான்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஒரு விவரிப்பு எவ்வளவு அரைகுறையாக இருந்தாலும் மாதிரிப் பூச்சி இருந்தால் அதைப் பின்னால் வருகிறவர் சரிசெய்துகொள்ளலாம். மாதிரி இல்லாவிட்டால் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் ஒருநாள் அந்தப் பெயர் அந்தரத்தில் தொங்கும்.

பெயருக்கு ஆதாரமாக நிற்கும் அந்த ஒற்றைப் பூச்சியை ஹோலோடைப் என்கிறார்கள். இனத்தின் சராசரியோ மிக அழகான உருப்படியோ அதுவாக இருக்க வேண்டியதில்லை. கால் ஒடிந்திருக்கலாம், இறக்கை கிழிந்திருக்கலாம். பெயர் அந்த உடலோடு கட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அதனுடன் சேர்த்து ஆராய்ந்த மற்றவை பாராடைப்கள். பழைய ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு பூச்சியைக் குறிப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். நீலகிரியிலிருந்து மூன்று, இலங்கையிலிருந்து இரண்டு என்று ஐந்தையும் பொதுவாக வைத்து எழுதிவிடுவார்கள். நூறு வருடம் கழித்து ஒருவர் ஐந்தையும் அறுத்துப் பார்த்தால், மூன்று ஓர் இனம், இரண்டு வேறு இனம் என்று தெரியவரும். அப்போது பழைய பெயர் யாருக்குச் சொந்தம்? அவர் ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இனி இந்தப் பெயர் இதற்குத்தான் என்று அச்சில் அறிவிப்பார். அதன் பெயர் லெக்டோடைப். மற்ற இனத்துக்கு வேறு பழைய பெயர் ஏதும் இல்லையென்றால் அங்கே ஒரு புது இனம் பிறக்கிறது, நூறு வருடமாக மியூசியப் பெட்டியிலேயே இருந்த பூச்சியிலிருந்து! இப்படித்தான் கணிசமான புது இனங்கள் கிடைக்கின்றன. சேகரித்ததிலிருந்து பெயர் பெறுவது வரை ஒரு புது இனம் சராசரியாக எத்தனை காலம் அலமாரியில் காத்திருக்கிறது என்று 2012-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. எல்லா வகை உயிர்களையும் சேர்த்துப் பார்த்தபோது 21 ஆண்டுகள் வந்தது.

தென்னிந்திய அந்துப்பூச்சிகளின் பழைய மாதிரிகளில் பெரும்பகுதி லண்டனில் இருக்கிறது. கோயம்புத்தூரில் உட்கார்ந்து ஆராயும் மாணவர் தன் ஊர்ப் பூச்சியை ஒப்பிட்டுப் பார்க்க அங்கேதான் எழுதிக் கேட்க வேண்டியிருக்கிறது. வருத்தமான விஷயம். ஆனாலும் இப்போது மாதிரிகளின் படங்களையும் ஸ்லைடு படங்களையும் அனுப்பித் தருகிறார்கள், பலவற்றை எல்லோரும் பார்க்கும்படி வைத்தும் இருக்கிறார்கள். இருபது வருடத்துக்கு முன்பு இது நினைத்துப் பார்க்க முடியாத வசதி.

சரி, அறுத்துப் பார்ப்பது, அறுத்துப் பார்ப்பது என்று சொல்கிறேனே, எதை?

அந்துப்பூச்சியின் வயிற்று நுனியில் உள்ள இனப்பெருக்க உறுப்புகளை. வேலை இப்படி நடக்கும். ஊசியில் குத்திக் காய்ந்த பூச்சியின் வயிற்றை முதலில் நுண் இடுக்கியால் மெல்லத் தூக்கினால் அடியோடு கழன்று வரும். அதைச் சின்னச் சோதனைக் குழாயில் 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டுச் சுடுநீரில் வைக்க வேண்டும், அல்லது ஓர் இரவு அப்படியே ஊறவிட வேண்டும். தசையும் கொழுப்பும் கரைந்துபோகும். கைட்டின் என்ற கெட்டிப் பொருளால் ஆன கூடு மட்டும் மிஞ்சும். பிறகு அதைத் தண்ணீரில் போட்டு, நுண்ணோக்கியின் கீழே, இரண்டு மூன்று முடியே உள்ள தூரிகையால் செதில்களைத் தள்ளித் தள்ளிச் சுத்தம் செய்ய வேண்டும். செதில்கள் கலங்கலாக மேலே மிதக்கும், தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கலங்கல் தெளியத் தெளிய உள்ளே இருப்பது தெரியத் தொடங்கும்.

ஆணாக இருந்தால் பெண்ணைப் பற்றிப் பிடிக்கும் இரண்டு தட்டையான மடல்கள் இருக்கும், பெயர் வால்வா. மேலே கொக்கிபோல வளைந்திருப்பது உங்கஸ். நடுவே குழல்போல இருப்பது ஆண்குறி. அதன் உள்ளே சுருண்டு கிடக்கும் பையை நுண் சிரிஞ்சால் ஊதி வெளியே தள்ளினால், அதன்மேல் இனத்துக்கு இனம் வேறுபட்ட முட்கள் இருக்கும். எத்தனை முள், எங்கே, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதிலேயே இனம் பிரிந்துவிடும். பெண்ணாக இருந்தால் விந்து தங்கும் பையும் அதற்குப் போகும் குழாயும் பார்க்க வேண்டியவை. பையின் சுவரில் சிக்னம் என்ற கெட்டித் தகடு இருக்கிறதா, நட்சத்திர வடிவமா, பல் வைத்த பட்டையா என்பது முக்கியம். சாயம் ஏற்றி, ஆல்கஹாலில் ஈரத்தை அகற்றி, யூபரால் என்ற பிசினில் பதித்துக் கண்ணாடிச் சில்லு மூடி, காய வைக்க வேண்டும். பதிக்கும் நேரத்தில் ஒரு மடல் மடிந்துவிட்டால் தொலைந்தது, படத்தில் அதன் வடிவம் தப்பாகத் தெரியும். எல்லாரும் ஒரே கோணத்தில் பதித்தால்தான் ஒருவர் ஸ்லைடை இன்னொருவர் ஸ்லைடோடு ஒப்பிட முடியும். இந்த ஸ்லைடுக்கு ஒரு எண் கொடுத்து, அதே எண்ணைப் பூச்சியின் ஊசியிலும் குத்தி வைப்பார்கள்.

ஆணா பெண்ணா என்று பார்க்க இவ்வளவு தூரம் போக வேண்டாம், அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. பின்இறக்கையின் அடியிலிருந்து கிளம்பி முன்இறக்கையில் கொக்கிபோல மாட்டிக்கொள்ளும் ஒரு முள்முடி பெரும்பாலான அந்துப்பூச்சிகளில் இருக்கும். ஆணுக்கு ஒரே ஒரு தடித்த முடி, பெண்ணுக்குச் சில மெல்லிய முடிகள். லென்ஸ் வைத்துப் பார்த்தாலே தெரியும். முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்கு இது தரும் சந்தோஷம் தனி.

இனப்பெருக்க உறுப்பில் ஏன் இவ்வளவு வேறுபாடு? இனத்துக்கு இனம் பூட்டும் சாவியும்போலப் பொருந்தி, வேறு இனத்தோடு சேராமல் தடுக்கிறது என்று 1844-இல் லியோன் டுஃபூர் சொன்னார். இன்று அந்த விளக்கத்தை அப்படியே ஏற்பவர்கள் குறைவு. பெண் பூச்சியின் தேர்வும் ஆண்களுக்குள் நடக்கும் போட்டியும் இந்த உறுப்புகளை வேகமாக மாற்றுகின்றன என்ற விளக்கத்துக்கே ஆதரவு அதிகம். காரணம் எதுவானாலும், இறக்கை ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு இனங்களில் முதலில் வேறுபட்டிருப்பது பெரும்பாலும் இந்த உறுப்புதான். உங்கள் பச்சைப் பூச்சியின் கூட்டத்துக்கு இது நூற்றுக்கு நூறு பொருந்தும்.

டி.என்.ஏ. பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். பூச்சியின் ஒரு காலைப் பிய்த்துக் குழாயில் போட்டு அனுப்பினால் போதும், உண்மைதான். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹீபர்ட் 2003-இல் முன்வைத்த முறை இது. மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சி.ஓ.ஐ. என்ற மரபணுவின் 658 எழுத்து நீளமுள்ள பகுதியைப் படித்து, உலகளாவிய தரவுத்தளத்தோடு ஒப்பிடுகிறார்கள். அந்த முதல் ஆய்விலேயே நெருங்கிய உறவுள்ள 200 வகை பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சிகளை வைத்துத்தான் சோதித்தார்கள். பொதுவாக இரண்டு மூன்று சதவீதத்துக்கு மேல் வேறுபாடு வந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பார்கள். அது சந்தேகப்படுவதற்கான அளவு மட்டுமே, தீர்ப்பு அல்ல. ஒரே இனத்துக்குள் அதைவிட அதிகம் விலகியிருப்பவை உண்டு. தெளிவாக வேறான இரண்டு இனங்கள் ஒரே வரிசையைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. உடலுக்குள் வாழும் வொல்பாக்கியா பாக்டீரியாவே மைட்டோகாண்ட்ரியாவின் கணக்கைக் குழப்பிவிடும். இன்னொரு நடைமுறைக் கஷ்டம்: தரவுத்தளத்தில் நம் பக்கத்துப் பூச்சிகள் குறைவு. எதனோடும் பொருந்தவில்லை என்று வந்தால், பெயரில்லாத இனம் என்று அர்த்தமல்ல. பெயருள்ள இனத்தின் டி.என்.ஏ.வை இன்னும் யாரும் எடுக்கவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

உடலமைப்பு, டி.என்.ஏ., பழைய மாதிரி மூன்றும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்ததற்கு எனக்குப் பிடித்த உதாரணம் மடகாஸ்கர் காட்டிலிருந்து வருகிறது. 1862-இல் சார்லஸ் டார்வினுக்கு அந்தத் தீவின் ஆர்க்கிட் பூ ஒன்று வந்தது. தேன் இருப்பது ஏறக்குறைய ஓர் அடி நீளக் குழலின் அடியில். அவ்வளவு நீள உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சி அங்கே இருந்தே தீர வேண்டும் என்று எழுதினார். 1867-இல் ஆல்ஃப்ரெட் வாலஸ், அது ஸ்ஃபிங்க்ஸ் வகைப் பூச்சியாகத்தான் இருக்கும் என்றார். ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் சாந்தோபான் மார்கனி என்ற நீளக் குழல் பூச்சி ஏற்கனவே அறியப்பட்டிருந்தது. 1856-இல் அதற்குப் பெயர் வைத்தவர் மேலே பார்த்த அதே வாக்கர். மடகாஸ்கர் பூச்சி கடைசியாகக் கிடைத்தபோது, ராத்ஸ்சைல்டும் ஜோர்டானும் 1903-இல் அதை அந்த ஆப்பிரிக்க இனத்தின் உட்பிரிவு என்று மட்டுமே கருதி, முன்னறிவிக்கப்பட்டது என்ற பொருளில் ப்ரிடிக்டா என்று பெயரிட்டார்கள். அப்படியே நூறு வருடத்துக்கு மேல் கிடந்தது. 2021-இல் பாரிஸ், லண்டன் மியூசியங்களின் ஆய்வாளர்கள் உட்பட ஐந்து பேர் இரு பக்கப் பூச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். இறக்கையின் அமைப்பு வேறு, இனப்பெருக்க உறுப்பு வேறு, உறிஞ்சுகுழலின் நீளம் வேறு. டி.என்.ஏ. வரிசையில் 7.8% வரை விலகல். மடகாஸ்கர் பூச்சி ஒன்றின் குழல் 28.5 செ.மீ. நீளம்! தனி இனம் என்று அறிவித்தார்கள்.

ஆனால் அவர்கள் புதுப் பெயர் வைக்கவில்லை, வைக்கவும் முடியாது. உட்பிரிவுக்கு வைத்த பெயர் இனமாக உயரும்போது அப்படியே கூட வரும் என்பது விதி. ஆகவே 2021-இல் அங்கீகாரம் பெற்ற இனத்தின் முழுப்பெயரில் ஆசிரியராக நிற்பவர்கள் 1903-இல் எழுதிய இருவர்தான். உங்கள் பச்சைப் பூச்சி தனி இனம் என்றே உறுதியானாலும், வாக்கரோ, மூர் என்ற இன்னொரு பழைய ஆய்வாளரோ, ஹாம்ப்சனோ எப்போதோ அதற்கு ஒரு பெயர் வைத்து, பின்னால் வந்தவர் அதைத் தள்ளுபடி செய்திருந்தால், அந்தப் பழைய பெயருக்கே உயிர் வரும். புதுப் பெயர் வைக்கும் முன் தள்ளுபடியான பெயர்கள் ஒவ்வொன்றின் மாதிரியையும் பார்த்தாக வேண்டும் என்பது இதனால்தான். ஒப்பிடும் இந்த வேலையில்தான் மாதங்களும் வருடங்களும் கரைகின்றன. பூச்சியைப் பிடிப்பது ஓர் இரவு வேலை.

எப்போதாவது, பார்த்த மாத்திரத்திலேயே வேறு எதனோடும் சேராது என்று தெரியும் பூச்சிகளும் கிடைக்கத்தான் செய்கின்றன. ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில் கலிட்ரிஸ் என்ற ஊசியிலை மரத்தில் வாழும் பொன்னும் ஊதாவும் மின்னும் ஒரு குட்டிப் பூச்சி கிடைத்தது. 2015-இல் அதை விவரித்தபோது புது இனம், புதுப் பேரினம் மட்டுமல்ல, அதற்கென்று புதுக் குடும்பமே உருவாக்க வேண்டியிருந்தது. வளர்ந்த பூச்சி ஒரே நாளில் இணைந்து, முட்டையிட்டு, இறந்துவிடுகிறது. அதைக் கண்டெடுத்தவர் ரிச்சர்ட் கிளாட்ஸ், அவர் பெயரையே இனத்துக்கு வைத்தார்கள்.

படம் மட்டும் போதாதா என்ற கேள்விக்கு வருகிறேன். வெனிசுலாவில் 2009-இல் ஆர்தர் ஆங்கர் படம் எடுத்த பஞ்சுப்பொதி போன்ற வெள்ளை அந்துப்பூச்சியை உலகமே பார்த்துவிட்டது. பூடில் அந்துப்பூச்சி என்று செல்லப்பெயரும் வந்துவிட்டது. மாதிரி இல்லாததால் அது எந்த இனம் என்று சொல்ல வழியில்லை. விலங்குகளுக்குப் பெயரிடுவதற்கான பன்னாட்டு விதித்தொகுப்பு படத்தை முழுவதுமாக மறுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2015-இல் தென்னாப்பிரிக்க ஈ ஒன்றை, பிடித்த பூச்சி கைநழுவிப் போனதால் படங்களை வைத்தே விவரித்தார்கள். பெரும் விவாதம் கிளம்பியது. 2017-இல் அந்த விதிகளை வகுக்கும் பெயரிடல் ஆணையம், அது செல்லும், ஆனால் ஏன் மாதிரி வைக்கவில்லை என்பதற்குத் தகுந்த காரணம் சொல்ல வேண்டும் என்று விளக்கம் கொடுத்தது. அந்துப்பூச்சி விஷயத்தில் இதை ஒரு வழியாகவே நான் கருத மாட்டேன். இனத்தைப் பிரிக்கும் அடையாளம் உடலுக்குள் இருக்கும்போது வெளிப்படம் என்ன செய்யும்?

கொல்வது மனதுக்கு உவப்பான காரியமல்ல. அது வேண்டாம் என்று நினைப்பவரை நான் மதிக்கிறேன். ஆனாலும் கணக்கைப் பாருங்கள். பெண் அந்துப்பூச்சி ஒன்று நூற்றுக்கணக்கில் முட்டையிடுகிறது. இரவு முழுக்க வௌவாலும், விடிந்தால் பறவையும், எந்நேரமும் ஒட்டுண்ணிக் குளவியும் இவற்றைத் தின்று தீர்க்கின்றன. ஆராய்ச்சிக்காக எடுக்கும் சில பூச்சிகளால் இனம் அழிவதில்லை. ஆனைமலையில் சோலையை வெட்டித் தேயிலை நட்டபோது பெயர் பெறாமலே போன பூச்சிகள் எத்தனை என்பதுதான் எனக்குத் தாங்க முடியாத கேள்வி. தேவைக்கு மேல் ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது, எடுத்ததை ஒருபோதும் வீணாக்கக் கூடாது. லேபிள் இல்லாமல் பெட்டியில் கிடக்கும் பூச்சிதான் உண்மையில் வீணாகச் செத்தது. இடம், அட்சரேகை தீர்க்கரேகை, உயரம், தேதி, யார் எடுத்தது, எந்த விளக்கில் வந்தது என்று எல்லாமே அந்தச் சின்னத் துண்டுக் காகிதத்தில் இருக்க வேண்டும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். வால்பாறையைச் சுற்றி இருப்பது ஆனைமலைப் புலிகள் காப்பகம். காப்பகத்துக்குள் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒரு பூச்சியையும் பிடிக்கக் கூடாது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம், 39-ஆம் பிரிவில், புது இனத்தைக் கண்டறிபவர் அதை, மாதிரிகளைப் பாதுகாக்க அரசு குறித்த நிறுவனத்துக்குத் தெரிவித்து மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. விலங்குகளுக்கு அப்படிக் குறிக்கப்பட்ட நிறுவனங்களில் முதன்மையானது 1916-இல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகம். கொல்கத்தாவில் தலைமையகம், சென்னையிலும் கோழிக்கோட்டிலும் கிளைகள். ஹாம்ப்சன் காலத்து மாதிரிகள்போல இனி எதுவும் கப்பலேற வேண்டியதில்லை.

கட்டுரை எழுதுவது ஒப்பீட்டளவில் சின்ன வேலை. நெருங்கிய இனங்களிலிருந்து எதில் வேறுபடுகிறது என்பதைச் சொற்களில் சொல்ல வேண்டும், இது கட்டாயம். ஹோலோடைப் எது, எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று எழுத வேண்டும். 1999-க்குப் பிறகு வெளியான பெயர்களுக்கு இதுவும் கட்டாயம். மின்னிதழில் வெளியிட்டால் ஜூபேங்க் என்ற பதிவேட்டில் பதிய வேண்டும். பெயர் லத்தீன் எழுத்தில் இருக்க வேண்டும், ஆனால் விவரிப்பை எந்த மொழியில் எழுதினாலும் விலங்கியல் விதித்தொகுப்பு ஏற்றுக்கொள்கிறது. பரவலாக வழங்கும் மொழியில் எழுதுங்கள் என்பது அதன் பரிந்துரை மட்டுமே. ஆகவே தமிழில் முறையாக எழுதி வெளியிட்ட விவரிப்பும் செல்லும்! கூடவே ஆங்கிலச் சுருக்கம் ஒன்று இருந்தால் உலகத்துக்கும் உதவும். யாராவது ஒருநாள் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பெயரை ஊரிலிருந்தோ மலையிலிருந்தோ எடுக்கலாம். தேனிப் பக்கம் கண்டறிந்து 2023-இல் விவரித்த பட்டாம்பூச்சிக்கு மேகமலையின் பெயரை வைத்தார்கள். தன் பெயரையே வைத்துக்கொள்வதை விதி தடுக்கவில்லை, ஆனால் துறையில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. அந்தப் பூச்சி மறுபடி வந்தால் மேல்பக்கம் மட்டும் எடுக்காமல் முகம், உணர்கொம்பு, கால்கள், முடிந்தால் கண்ணாடியில் உட்காரும்போது அடிப்பக்கம் ஆகியவற்றையும் எடுங்கள். இந்தக் கூட்டத்தில் பின்காலின் முட்களும் முகத்தின் நிறமும் உதவும். பக்கத்தில் அளவுகோல் வையுங்கள். தேதி, நேரம், உயரம், விளக்கின் வகை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். எந்த மாதம் வருகிறது, எந்த மாதம் வருவதில்லை என்று ஒரு வருடம் குறித்து வைத்தால், எங்கோ இருக்கும் ஆய்வாளரால் ஒருபோதும் செய்ய முடியாத வேலையைச் செய்தவர் ஆவீர்கள். உயிரினப் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்திலும் இந்திய அந்துப்பூச்சிகளுக்கான தளத்திலும் பதிவேற்றுங்கள். பச்சை ஜியோமெட்ரிட்களை ஆராய்பவர்கள் அவற்றைப் பார்க்கிறார்கள், சந்தேகம் வந்தால் அவர்களே தொடர்புகொண்டு அனுமதியோடு வந்து சேகரிப்பார்கள். இனத்தின் பெயரைத் தளம் தானாகப் பரிந்துரைத்தால் இந்தக் கூட்டத்துக்கு அதை ஏற்காதீர்கள், உட்குடும்பம் வரை மட்டும் போட்டு நிறுத்துங்கள். வீட்டைச் சுற்றியுள்ள செடிகளில் முழம் போடும் புழு கண்ணில் பட்டால் எந்தச் செடியின் எந்த இலையைத் தின்கிறது என்று கட்டாயம் குறியுங்கள். இந்த மலையின் பெரும்பாலான அந்துப்பூச்சிகளுக்கு, பெயருள்ளவை உட்பட, புழு எதைத் தின்கிறது என்ற பதிவே கிடையாது.